மணி பறிபோன ஊரில் இரண்டு நாள்

பீட்டர்ஸ்பர்க் பயணத்துக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்தாயிற்று. கடைசியில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. ஒரு கோஷ்டி இன்னும் இரண்டு அரண்மனை பார்க்கலாம் என்கிறது. இன்னொரு கோஷ்டிக்கு எப்படியாவது மாஸ்கோ ஓடிப்போய் செஞ்சதுக்கத்தில் போட்டோ எடுத்துவிட்டு வர வேண்டும். நான் மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னேன்: வேலிக்கி நோவ்கொரோத். "அங்கே என்ன இருக்கு?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி, அதனால்தான் இவ்வளவு நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரஷ்யாவில் இரண்டு நோவ்கொரோத் உண்டு. ஒன்று நிஷ்னி நோவ்கொரோத். மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 400 கி.மீ. தூரத்தில், வோல்கா நதிக்கரையில் இருக்கும் பெரிய தொழில் நகரம். 'தாய்' நாவல் எழுதிய மக்சீம் கார்க்கி 1868-ல் பிறந்த ஊர் அதுதான். 1932 முதல் 1990 வரை அந்த ஊருக்கே கார்க்கி என்றுதான் பெயர். நான் சொல்வது அது இல்லை. நான் சொல்வது பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே சுமார் 190 கி.மீ. தூரத்தில், இல்மென் ஏரியிலிருந்து வோல்கவ் ஆறு புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். (வோல்கவ் வேறு, வோல்கா வேறு. இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்!) 1999-ல்தான் இதற்கு அதிகாரபூர்வமாக 'வேலிக்கி', அதாவது மகா என்ற அடைமொழி சேர்ந்தது. டிக்கெட் எடுக்கிறவர் முழுப் பெயரையும் பார்த்து எடுக்கட்டும். இல்லாவிட்டால் பத்துப் பேரும் கார்க்கி வீட்டு வாசலில் போய் நிற்போம்.

நோவ்கொரோத் என்றால் புதிய ஊர். நம் பக்கத்து புதூர், புதுக்கோட்டை மாதிரி. பெயர்தான் புதிது, ஊர் ரஷ்யாவின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. பழைய நாளாகமங்கள் 859-லேயே இதைக் குறிப்பிடுகின்றன. 862-ல் ரூரிக் என்ற வைக்கிங் தலைவனை இந்தப் பகுதி மக்கள் தாங்களே கூப்பிட்டு ஆளச் சொன்னதாக ஒரு கதை. அந்த வருஷத்தைத்தான் ரஷ்ய அரசின் பிறந்த வருஷமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் நான் இந்த ஊரைச் சொல்வது பழமைக்காக மட்டும் இல்லை. பீட்டர்ஸ்பர்க் 1703-ல் ஒரு மனிதர் 'இங்கே ஊர் வரட்டும்' என்று உத்தரவு போட்டதால் வந்த ஊர். அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் அந்த உத்தரவு தெரியும். நோவ்கொரோத் இதற்கு நேர் எதிர். மூன்றரை நூற்றாண்டு அரசனை வேலைக்கு வைத்து, பிடிக்கவில்லை என்றால் வெளியே அனுப்பிய ஊர்.

1136-ல் வ்செவலோத் என்ற இளவரசனை ஊர்க்காரர்கள் பிடித்து, குடும்பத்தோடு காவலில் வைத்து, பிறகு துரத்திவிட்டார்கள். அதிலிருந்து இங்கே இளவரசன் என்பவன் ஒப்பந்தத்தின் பேரில் வரும் படைத் தளபதி மாதிரிதான். நோவ்கொரோத் எல்லைக்குள் அவன் சொந்தமாக நிலம் வாங்கக்கூடாது. அவன் இருப்பிடமும் ஊருக்கு வெளியே, தெற்கே சுமார் 2 கி.மீ. தள்ளி இருந்த கொரோதிஷ்சேயில். ஊரின் உண்மையான நிர்வாகி 'பொசாத்னிக்'. அவரைத் தேர்ந்தெடுப்பது 'வேச்சே' என்ற ஊர்க்கூட்டம். 1156 முதல் பிஷப்பைக்கூட ஊரே தேர்ந்தெடுத்துக்கொண்டது. பின்னாளில் குலுக்கல் முறையும் வந்தது. மூன்று பெயர்களை எழுதி பலிபீடத்தில் வைத்து, கடைசியில் எது மிஞ்சுகிறதோ அவர்தான் பேராயர்.

அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பெயரைக் கேட்டிருப்பீர்கள், பீட்டர்ஸ்பர்க்கின் முக்கியமான தெருவின் பெயரிலேயே அவர் இருக்கிறார். 1240-ல் நேவா ஆற்றங்கரையில் சுவீடன் படையைத் தோற்கடித்து ஊருக்குத் திரும்பினார். அதே வருஷம் நோவ்கொரோத்காரர்களோடு தகராறு, மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போனார். அடுத்த வருஷம் ஜெர்மானியர்கள் நெருங்கி வந்ததும் "வாங்க" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வந்தார். 1242-ல் பெய்புஸ் ஏரிப் பனிக்கட்டி மேல் அந்தப் புகழ்பெற்ற போர் நடந்தது. ஜெயித்த தளபதியையே வீட்டுக்கு அனுப்பும் தைரியம் அந்தக் காலத்தில் வேறு எத்தனை ஊருக்கு இருந்திருக்கும்?

உடனே 'ஆஹா, ஜனநாயகம்!' என்று குதிக்க வேண்டாம். அதிகாரம் பெரும்பாலும் பொயார் எனப்பட்ட சில நிலப்பிரபுக் குடும்பங்களின் கையில்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஊரில் அடிமைகள் இருந்தார்கள். வேச்சேயில் இன்றுபோல் ஓட்டு எண்ணும் வழக்கமும் இல்லை. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் தீர்மானம். (கடந்த வாரம் நம் பத்துப் பேர் கூடிய கூட்டமும் அப்படித்தான் நடந்தது என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன் :-)) சத்தத்தில் முடியாவிட்டால் கைகலப்பு. ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கோட்டையும் பேராலயமும் உள்ள சோபியா பக்கம், கிழக்கே சந்தைப் பக்கம். இரண்டு பக்கமும் தனித்தனியே கூட்டம் போட்டுவிட்டுப் பாலத்தில் வந்து மோதிக்கொள்வார்கள்.

1418-ல் நடந்த ஒன்றை நாளாகமம் விவரமாகச் சொல்கிறது. ஸ்தெபான்கோ என்ற சாதாரண மனிதர் ஒரு பொயாரைத் தெருவில் பிடித்துக்கொண்டு 'இவனிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்' என்று கத்தினார். கூட்டம் கூடியது, வேச்சே நடந்தது, பொயாரைப் பாலத்திலிருந்து ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். அந்த ஊரில் மரண தண்டனையே அப்படித்தான். ஒரு மீனவர் அவரைப் படகில் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார். பிழைத்து வந்த பொயார் சும்மா இருப்பாரா? ஸ்தெபான்கோவைப் பிடித்து வதைக்க, மறுபடி மணி அடித்தது, வீடுகள் சூறையாடப்பட்டன, இரண்டு கரையும் ஆயுதத்தோடு பாலத்துக்கு வந்துவிட்டன. கடைசியில் பேராயர் சிமியோன் ஊர்வலமாகப் பாலத்தின் நடுவில் வந்து நின்று, இரண்டு பக்கமும் திரும்பி ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார்.

அதனால் என் திட்டத்தில் முதல் இடம் கோட்டை இல்லை. எல்லோரும் நேராகக் கோட்டைக்குத்தான் போவார்கள், அது பெரிதாக, சிவப்பாக, போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் அங்கே ஆரம்பித்தால் ஊரின் கதை பின்னாலிருந்து முன்னால் ஓடும். நாம் சந்தைப் பக்கத்தில் ஆரம்பிப்போம். பீட்டர்ஸ்பர்க் மாஸ்கோவ்ஸ்கி நிலையத்திலிருந்து 'லாஸ்தச்கா' ரயிலில் சுமார் 3 மணி நேரம். காலை ரயிலில் வந்து, அறையில் பையைப் போட்டுவிட்டு, நேரே யரஸ்லாவ் முற்றம் எனப்படும் இடத்துக்கு.

வேச்சே கூடியதாகச் சொல்லப்படுவது இங்கே, 1113-ல் கட்ட ஆரம்பித்த புனித நிகோலாய் பேராலயத்தின் பக்கத்தில்தான். ஆற்றோரம் நீளமாக ஒரு வெள்ளை வளைவு வரிசை நிற்கும். எல்லோரும் அதைத்தான் படம் பிடிப்பார்கள். ஆனால் அது 17-ஆம் நூற்றாண்டுச் சந்தைக் கட்டிடத்தின் மிச்சம், வேச்சே போய் ரொம்ப காலத்துக்குப் பிறகு வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே இப்போது இல்லாத ஒன்று. ஹன்சா என்ற ஜெர்மன் வணிகர் சங்கத்துக்கு இங்கே 'புனித பீட்டர் முற்றம்' என்று ஒரு கிடங்கும் தேவாலயமும் சேர்ந்த வளாகம் இருந்தது. லண்டன், பெர்கன், ப்ரூஷ், நோவ்கொரோத், இந்த நான்கும்தான் வெளிநாட்டில் ஹன்சாவின் பெரிய நிலையங்கள். வடக்குக் காடுகளிலிருந்து அணில் தோலும் தேன்மெழுகும் இங்கே வரும். ஐரோப்பிய மாதாகோவில்களில் எரிந்த மெழுகுவர்த்திகளில் பல இந்த ஆற்றங்கரை வழியாகப் போன மெழுகு. பதிலுக்கு வெள்ளி, துணி, உப்பு. சாலையே இல்லாத காலத்தில் பால்டிக் கடலிலிருந்து நேவா, லதோகா ஏரி, வோல்கவ் என்று படகிலேயே வந்துவிடலாம். ஊர் பணக்கார ஊரானதன் ரகசியம் இவ்வளவுதான்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் இலியின் தெருவில் 1374-ல் கட்டிய கிறிஸ்து மறுரூப ஆலயம். உள்ளே 1378-ல் கிரேக்கரான தியோஃபானஸ் தீட்டிய சுவரோவியங்கள். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்தவர், ருப்லேவுக்கு மூத்தவர், அவரோடு சேர்ந்தும் வேலை செய்தவர். சந்தேகமே இல்லாமல் தியோஃபானஸ் கைவேலைதான் என்று சொல்லக்கூடிய சுவரோவியங்கள் உலகத்தில் இங்கே மட்டும்தான் உள்ளன. பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. மிஞ்சியதில் செம்மண் நிறமும் வெள்ளைக் கீற்றுகளும்தான். குவிமாடத்திலிருந்து கிறிஸ்து பார்க்கும் பார்வையில் கருணை கொஞ்சம்கூட இல்லை, நேராக விசாரணைதான்! உள்ளே பத்துப் பேர் ஒன்றாக நிற்பதே கஷ்டம், ஐந்து ஐந்து பேராகப் போவோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து கோட்டை. நேராக மியூசியத்துக்குள் போய் பிர்ச் மரப்பட்டைக் கடிதங்கள் இருக்கும் அறை. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். யாரும் குறைக்கச் சொல்ல வேண்டாம், நான் இந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதே இதற்காகத்தான்.

1951 ஜூலை 26. அகழாய்வில் கூலி வேலைக்கு வந்திருந்த உள்ளூர்ப் பெண் நீனா அகூலவா. பழைய தெருவின் மரப்பலகைகளுக்கு இடையில் சுருண்டு கிடந்த ஒரு பட்டையை எடுத்தார். அழுக்குக்கு அடியில் கீறல் மாதிரி எழுத்து. அகழாய்வின் தலைவர் அர்த்தேமி அர்சிஹோவ்ஸ்கியிடம் கொண்டுபோனபோது அவருக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். பட்டையில் எழுதினார்கள் என்று பழைய குறிப்புகள் இருந்தன, ஆனால் ஊர் மண்ணிலிருந்து ஒன்றுகூட அதுவரை கிடைத்திருக்கவில்லை. அந்தக் கோடையிலேயே இன்னும் சில கிடைத்தன. இன்றைக்கு நோவ்கொரோதில் மட்டும் கிடைத்தவை 1,100-ஐத் தாண்டிவிட்டன. ஊரின் பழைய பரப்பில் ஒரு சின்ன மூலையைத்தான் இதுவரை தோண்டியிருக்கிறார்கள்.

எப்படி அழுகாமல் இருந்தன? சேறுதான் காரணம். ஊருக்கு அடியில் களிமண், தண்ணீர் வடியாது. ஈரம் நிறைந்த மண்ணில் காற்று புகாது, காற்று இல்லாவிட்டால் அழுகவைக்கும் கிருமிக்கு வேலை இல்லை. அதே சேறு மக்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்ததால், தெருக்களில் மரத்தைப் பிளந்து பரப்பினார்கள். அது புதைந்ததும் அதன் மேலேயே இன்னொரு வரிசை. ஒரே தெருவில் இப்படி 28 அடுக்கு கிடைத்தது. மரத்தின் வளையங்களை எண்ணினால் அது எந்த வருஷம் வெட்டியது என்று தெரிந்துவிடும். ஆக 953-லிருந்து 1462 வரை அந்தத் தெருவே ஒரு காலண்டர். எந்த அடுக்கில் கடிதம் கிடந்ததோ அதுதான் கடிதத்தின் காலம்.

மை கிடையாது. எலும்பாலோ இரும்பாலோ செய்த எழுத்தாணியால் பட்டையின் உட்புறம் கீறுவார்கள். ஓலையும் எழுத்தாணியும் வைத்திருந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், நாம் ஓலைகளில் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் காப்பாற்றியது இலக்கியத்தை, அங்கே சேறு காப்பாற்றியது குப்பையில் போட்டதை! படித்து முடித்துக் கிழித்து எறிந்த துண்டுகள். அதனால்தான் அதில் யாரும் யாருக்காகவும் வேஷம் போடவில்லை. கடன் பாக்கி, மீன் கணக்கு, குத்தகை, 'சட்டையை மறந்துவிட்டேன், அனுப்பு' வகைச் செய்திகள். ஒருத்தர் பிஸ்கோவ் ஊரில் ஒரு அடிமைப் பெண்ணை வாங்கிவிட்டார், அவள் திருட்டுச் சொத்து என்று தெரிந்ததும் இன்னொருத்தர் அவருக்கு அது பற்றி எழுதுகிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிகித்தா என்பவர் உல்யானித்ஸா என்ற பெண்ணுக்கு, என்னைக் கல்யாணம் செய்துகொள், எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும், இன்னார் சாட்சி என்று எழுதியிருக்கிறார். கவிதையே இல்லாத காதல் கடிதம், ஆனால் சாட்சியோடு :-)

இன்னொன்று அதற்கும் இருநூறு வருஷம் முந்தியது. எண் 752. ஒரு பெண் எழுதியது. இந்த வாரம் மூன்று முறை உனக்குச் சொல்லி அனுப்பினேன், நீ ஏன் வரவில்லை, என் மேல் என்ன கோபம், அறியாமல் உன்னைப் புண்படுத்திவிட்டேனா என்று கேட்கிறாள். நல்ல, படித்த எழுத்து. அவள் பெயர் கிடைக்கவில்லை. கடிதத்தை வாங்கியவன் அதைக் கிழித்து முடிச்சுப் போட்டு எறிந்திருக்கிறான்.

அப்புறம் ஓன்ஃபிம். 1956-ல் தோண்டியபோது ஒரே இடத்தில் கொத்தாகக் கிடைத்தவை. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த, ஆறேழு வயது இருக்கக்கூடிய பையனின் வீட்டுப்பாடம். அ, ஆ மாதிரி எழுத்து வரிசை, அசைப் பயிற்சி, நடுவில் போர் அடித்ததும் படம். குதிரை மேல் ஒருவன் எதிரியை ஈட்டியால் குத்துகிறான், பக்கத்தில் 'ஓன்ஃபிம்' என்று தன் பெயர். அதாவது அந்த வீரன் இவன்தான். இன்னொரு பட்டையில் வால் சுருண்ட ஏதோ ஒரு பிராணியை வரைந்து, தானே அந்த மிருகம் என்று எழுதிவைத்து, தனீலோ என்ற ஒருவனுக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறான். மனிதர்களின் கையில் விரல் எண்ணிக்கை மூன்று, நான்கு, அவன் இஷ்டம். இவன் வரைந்துகொண்டிருந்த அதே தலைமுறையில்தான் மங்கோலியப் படை ரஷ்ய ஊர்களை ஒவ்வொன்றாக எரித்தது. 1238-ல் நோவ்கொரோதுக்குச் சுமார் நூறு கி.மீ. தூரம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அது வந்திருந்தால் ஓன்ஃபிமும் இல்லை, அவன் குதிரையும் இல்லை.

இவற்றைப் படித்தவர்களில் ஒருவரையாவது குறிப்பிட வேண்டும்: மொழியியலாளர் அந்திரேய் ஸலிஸ்ன்யாக் (1935–2017). அவருக்கு முன்னால், இந்தக் கடிதங்களில் எழுத்துப் பிழை மலிந்திருப்பதால் எழுதியவர்கள் அரைகுறைப் படிப்பாளிகள் என்று நினைத்தார்கள். அவர் பொறுமையாக அடுக்கிப் பார்த்து, அது பிழையே இல்லை, சில எழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் ஓர் ஒழுங்கான தினசரி எழுத்துமுறை என்று நிரூபித்தார். படிக்காதவர்கள் என்று நாம் நினைத்த கூட்டம் படித்த கூட்டமாக மாறியது. அதற்குத் தேவைப்பட்டது ஒருவர் ஒழுங்காகப் படித்துப் பார்ப்பது மட்டும்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, அதே கோட்டைக்குள் இருக்கும் நினைவுச்சின்னத்துக்கு வர வேண்டும். 'ரஷ்யாவின் ஆயிரம் ஆண்டுகள்', 1862-ல் திறந்தது, வடிவமைத்தவர் மிக்கேஷின். பெரிய மணி வடிவம், சுற்றிலும் வெண்கலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். 1997 வரிசை 5 ரூபிள் தாளில் இருப்பது இதுதான். மேலே ஜார்கள், தளபதிகள். கீழ் வரிசையில் தேடினால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், காலடியில் உடைந்த மணி. அவர்தான் மார்ஃபா பொரேத்ஸ்கயா. பொசாத்னிக்கின் விதவை, மாஸ்கோவுக்கு எதிர்ப்பின் தலைவி. அந்த மணி வேச்சே மணி.

நடந்தது இதுதான். 15-ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ வளர்ந்துகொண்டே வந்தது. நோவ்கொரோதின் நிலத்தில் விளைச்சல் போதாது, தானியம் தெற்கிலிருந்து வர வேண்டும், வழியை மாஸ்கோ அடைத்தால் ஊர் பட்டினி. மார்ஃபாவின் கட்சி லித்துவேனியா பக்கம் சாய்ந்தது. 1471-ல் ஷெலோன் ஆற்றங்கரையில் போர். நோவ்கொரோத் படை எண்ணிக்கையில் பெரிது, ஆனால் அதில் தச்சர்களும் குயவர்களும் குதிரை ஏறத் தெரியாமல் ஏறி வந்தார்கள். பேராயரின் குதிரைப்படை மாஸ்கோவோடு சண்டை போட மாட்டோம் என்று ஒதுங்கி நின்றது. பொயார்களுக்காக நாம் ஏன் சாக வேண்டும் என்று சாதாரண ஜனங்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை என்பது என் கருத்து. 1478 ஜனவரியில் மூன்றாம் இவான் நிபந்தனை போட்டார்: மணி இருக்காது, பொசாத்னிக் இருக்கமாட்டார். மணியை இறக்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள், மார்ஃபாவையும் கைது செய்து கொண்டுபோனார்கள். 1480-களில் ஆயிரக்கணக்கான பொயார், வணிகக் குடும்பங்களை வேறு இடங்களுக்கு அனுப்பி, மாஸ்கோ ஆட்களை இங்கே குடியேற்றினார்கள். 1494-ல் ஹன்சா முற்றத்தையும் மூடியாயிற்று. நாம் சுற்றிப் பார்க்கும் செங்கல் கோட்டைச் சுவரே பெரும்பாலும் அந்த 1480-களில் மாஸ்கோ எழுப்பியதுதான்.

அந்த இவானின் பேரன் நான்காம் இவான், அதாவது 'பயங்கர' இவான், 1570 ஜனவரியில் சதி என்ற சந்தேகத்தில் படையோடு வந்து ஆறு வாரம் கொன்று குவித்தான். மனிதர்களைக் கட்டி வோல்கவ் ஆற்றில் தள்ளினார்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே சண்டை உண்டு. பெயர்ப் பட்டியலை வைத்துக் கணக்கிட்ட ஸ்க்ரின்னிக்கவ் 2,000 முதல் 3,000 என்றார், பல மடங்கு சொல்பவர்களும் உண்டு. ரஷ்யாவின் ஆயிரம் ஆண்டு நினைவுச்சின்னத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பயங்கர இவான் மட்டும் இல்லை. ஆனாலும், ஓர் ஊரின் மணியைப் பறித்த அரசு, தன் ஆயிரமாவது பிறந்தநாளுக்கு அதே ஊரில் மணி வடிவத்திலேயே சின்னம் வைத்ததை என்னவென்று சொல்வது!

பக்கத்திலேயே புனித சோபியா பேராலயம், 1045-ல் ஆரம்பித்து 1050-ல் முடித்தது. மேற்கு வாசலில் 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்கில் வார்த்த வெண்கலக் கதவுகள். செய்த கொல்லர்கள் தங்கள் உருவத்தையே கையில் கருவியோடு கதவில் போட்டுவிட்டார்கள், தேடிப் பாருங்கள். நடுக் குவிமாடத்துச் சிலுவை மேல் ஓர் உலோகப் புறா. 1570 கொலைகளைப் பார்த்து ஒரு புறா அங்கேயே கல்லாகிவிட்டது என்று ஊரில் கதை சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சிலுவை விழுந்தது. ஜெர்மானியர்களோடு வந்திருந்த ஸ்பானிய வீரர்கள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2004-ல் திருப்பித் தந்தார்கள். அசல் இப்போது ஆலயத்துக்குள் இருக்கிறது, மேலே இருப்பது நகல்.

அந்தப் போரைப் பற்றித் தெரியாமல் இரண்டாம் நாளைப் புரிந்துகொள்ள முடியாது. 1941 ஆகஸ்ட் முதல் 1944 ஜனவரி 20 வரை ஊர் ஜெர்மானியர் கையில். திரும்பப் பிடித்தபோது சுமார் 40 வீடுகள்தான் நின்றன. ஆயிரம் ஆண்டு நினைவுச்சின்னத்தை அவர்கள் துண்டு துண்டாகக் கழற்றியிருந்தார்கள். ஜார்களும் கவிஞர்களும் பனியில் கிடந்தார்கள். போர் முடிவதற்குள்ளேயே, 1944 நவம்பரில், அதைத் திரும்ப நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் பஸ் பிடித்து ஊருக்குத் தெற்கே யூரியெவ் மடம். 1119-ல் ஆரம்பித்த புனித ஜார்ஜ் பேராலயம், பியோத்தர் என்ற கொத்தனார் கட்டியது. அந்தக் காலத்தில் கொத்தனார் பெயர் நிலைப்பது அபூர்வம். பக்கத்திலேயே வித்தோஸ்லாவ்லித்ஸி, பல கிராமங்களிலிருந்து பழைய மர ஆலயங்களையும் வீடுகளையும் பெயர்த்துவந்து வைத்த திறந்தவெளி மியூசியம், 1964-ல் ஆரம்பித்தது. இது எல்லோருக்கும் பிடிக்கும், அதிகம் சொல்லத் தேவையில்லை.

மதியம் டாக்சி எடுத்துக்கொண்டு கிழக்குக் கரையில் நெரேதித்ஸா, நேரம் இருந்தால் வோலத்தவோ. நெரேதித்ஸா ஆலயம் 1198-ல் ஒரே கோடையில் கட்டியது. அடுத்த வருஷம் உள்ளே முழுக்க ஓவியம். 1941-ல் குண்டு வீச்சில் தரைமட்டம். திரும்பக் கட்டியாயிற்று, ஆனால் ஓவியத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் மிச்சம். வோலத்தவோவில் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் முழுசாக நொறுங்கிப் போனது. அந்த இடிபாட்டைச் சலித்து எடுத்த பத்து லட்சத்துக்கும் அதிகமான துண்டுகளை, பலதும் விரல்நகம் அளவு, பல வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'திரும்பக் கட்டியதைப் பார்க்க எதற்குப் போக வேண்டும்?' என்று நம் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைச் சுவரில் ஓவியம் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்கத்தான். காலி இடத்தில் புதிதாகத் தீட்டி ஏமாற்றவில்லை என்பதே எனக்குப் போதும்.

இனி சில்லறை விஷயங்கள். ஜூனில் போகிறோம், இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆகவே வெளியே பார்க்க வேண்டியதை மாலைக்குத் தள்ளி, உள்ளே பார்க்க வேண்டியதை முதலில் முடிக்கலாம். (டிசம்பரில் போனால் பகல் ஆறு மணி நேரம்தான்.) மியூசியத்தின் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள், மாதத்தில் ஒரு நாள் சுத்தம் செய்ய மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்வதில்லை, பணமாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஆலயங்களில் பெண்களுக்குத் தலையில் துணி, ஆண்கள் தொப்பி கழற்ற வேண்டும், அரை டிராயர் கூடாது. ஏரிப் பக்கம் கொசு உண்டு, நம் ஊர்க் கொசுவுக்குச் சளைத்ததில்லை. சைவக்காரர்களுக்குக் காளானும் உருளைக்கிழங்கும் கோதுமை அடையும் எங்கும் கிடைக்கும்.

மாஸ்கோ கோஷ்டிக்கு ஒரு சமாதானத் திட்டமும் வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் மாலை மற்றவர்கள் ரயிலில் திரும்பும்போது, அவர்கள் பஸ்ஸில் மாஸ்கோ சாலையில் போகலாம். வழியில் வல்தாய் வருகிறது, அங்கே மணிகளுக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. நோவ்கொரோத் மணியைப் பனிச்சறுக்கு வண்டியில் கொண்டுபோனபோது அது வல்தாய் மேட்டில் மாஸ்கோவுக்குப் போக மறுத்து உருண்டு சிதறியது, அந்தச் சில்லுகளிலிருந்துதான் வல்தாயின் சின்னச் சின்ன வண்டி மணிகள் பிறந்தன என்பது அங்குள்ள கதை. நாளாகமம் சொல்வது வேறு: மணி பத்திரமாக மாஸ்கோ போய்ச் சேர்ந்தது, அங்கே மணிக்கூண்டில் மற்ற மணிகளோடு சேர்த்துத் தொங்கவிட்டார்கள்.